மசியலில் மிளகு

இருபத்தாறு வருடம் உட்கார்ந்தே சம்பாதித்த மனிதர் இருதயராஜ். ஆனால் ஓடுகிற பஸ்ஸில்தான் அவருக்கு உட்காரத் தெரியும் என்பது, அவரை வீட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் அமலோற்பவமேரிக்குப் புரிந்தது. நாற்காலி போட்டால் எழுந்துகொள்வார். கட்டிலில் சாய்ந்தால் இடது கால் தன்னால் கிளட்சை மிதிக்கும். தெருமுனையில் ஏதாவது வண்டி உறுமினால் வாசலுக்கு ஓடுவார்.

"செகண்டுல போவ வேண்டியத தேர்டுல இஸ்துக்கினு போறான் பாரு. இன்ஜினு உருப்புடுமா?" என்று முகம் தெரியாத டிரைவரைத் திட்டிவிட்டு உள்ளே வருவார். வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார். மறுபடி வாசல்.

திண்டிவனம் விழுப்புரம் தடத்தில் அரசு பஸ் ஓட்டியவர். வருடாவருடம் நடக்கும் உடல் பரிசோதனையில், இரண்டாயிரத்து நான்காம் வருடம் சர்க்கரை முந்நூற்று நாற்பது என்று வந்துவிட்டது. "இத வச்சிக்கினு ஸ்டீயரிங்கத் தொடக்கூடாது. தவக்காலம் முடியறதுக்குள்ள கொறச்சிக்கினு வாங்க, பாத்துட்டு சொல்றேன்" என்று விழுப்புரம் டாக்டர் தாளை மடித்து வைத்துவிட்டார். டாக்டரும் வேதக்காரர் என்பதால் கெடுவைக்கூட ஈஸ்டரை வைத்துத்தான் சொன்னார்.

அதுவரைக்கும் டிப்போவில் லேசான வேலை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, கேட்டில் நிற்பது. இவரிடம் தொழில் பழகின பையன்கள் எல்லாம் இவர் முன்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு, "வர்றேன் மாமா" என்று ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள். அது பொறுக்கவில்லை. ஒரே வாரத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவரைச் சமாளிக்கிற வேலை அமலோற்பவத்தின் தலையில் விழுந்தது. ஒரே மகள் டயானா கட்டிக்கொடுத்து வளவனூரில் இருக்கிறாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். கோபம் வந்தால் காட்டுவதற்குக்கூட வேறு ஆள் கிடையாது.

பரங்கிக்காய் வீட்டுக்குள் வந்தது மண்ணாங்கட்டியால். டிப்போ வாட்ச்மேன். அவன் மச்சானுக்கு மேல்மலையனூர் பக்கம் கொல்லை உண்டு. அங்கே விளைந்த காய் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான்.

"அண்ணே, இத வேவவச்சி மசிச்சி மூணு வேளையும் துன்னுங்க. சுகரு சர்ருனு எறங்கிடும். எங்க மச்சானுக்கு எறங்கிச்சி."

"இனிப்பா இருக்குமேடா?"

"அது வேற இனிப்புண்ணே. இது ஒண்ணும் பண்ணாது."

இருதயராஜுக்கு இது போதும். மாத்திரையைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறவர், மசியலுக்கு விசுவாசியாகிவிட்டார். காலையில் மசியல், மதியம் மசியல், ராத்திரி மசியல். ஒரு கிண்ணி இரண்டு கிண்ணி இல்லை, குண்டானோடு. ஒரு காய் தீர்ந்தால் மண்ணாங்கட்டி அடுத்ததைக் கொண்டுவந்து போட்டான். அதன் மேல் வழக்கமான சோறு வேறு. "மருந்துதான, ஜாஸ்தியா சாப்ட்டா ஜல்தியா கேக்கும்" என்று கணக்குப் போட்டார்.

பத்து நாள் கழித்து லேபில் பார்த்தால் சர்க்கரை இறங்குவதற்குப் பதில் கொஞ்சம் ஏறியிருந்தது. இருதயராஜ் மண்ணாங்கட்டியின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டினார். அமலோற்பவம் அடுப்படிக்குப் போய் வெல்ல டப்பாவைத் திறந்து பார்த்தாள். டப்பா பாதிக்கு மேல் காலி. பரங்கிக்காய் வேகும்போது ஒரு துண்டு வெல்லம் போடுவது அவள் அம்மா வீட்டுப் பழக்கம். அது கைக்குத் தெரியும், அவளைக் கேட்டுக்கொண்டா நடக்கிறது? இத்தனை நாளும் கை பாட்டுக்குப் போட்டிருக்கிறது. புருஷனுக்கு மருந்து என்று சொல்லி வெல்லம் ஊட்டியிருக்கிறாள்! அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. சிரிப்பும் வந்தது. யாரிடமும் சொல்லாமல் டப்பாவைப் பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

அன்று முதல் ராஜ்ஜியம் அவளுடையது. வெல்லம் கிடையாது. உப்பு, மிளகு, பூண்டு, ஒரு சொட்டு எண்ணெய். மசியல் ஒரு கிண்ணிதான். அதுவும் சோற்றுக்கு மேலே அல்ல, சோற்றில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில். கூடக் கொஞ்சம் கீரை. சாப்பிடுவதற்கு முன்னால் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அவர் விழுங்குகிற வரைக்கும் நகரமாட்டாள்.

"ஜெயிலரா நீ?"

"ஆமா. வாயத் தொறங்க."

காலையும் மாலையும் வேதக்கோயில் வரைக்கும் நடக்கவைத்தாள். நடை அவருக்குப் பிடித்தது. உட்காரச் சொல்லாத எந்த வேலையும் அந்த நாட்களில் அவருக்குப் பிடித்தது. அடுத்த முறை லேபில் பார்த்தபோது சர்க்கரை நூற்றறுபதுக்கு வந்திருந்தது. இருதயராஜ் அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினார். மண்ணாங்கட்டியைத் தேடிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். மாத்திரை, நடை, பாதிச் சோறு எதற்கும் பேர் இல்லை. எல்லாப் புகழும் பரங்கிக்காய்க்குத்தான் போயிற்று. போகட்டும் என்று அமலோற்பவமும் விட்டுவிட்டாள். அவர் முகம் தெளிந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

டாக்டரிடம் போகவேண்டிய நாளுக்கு முந்தின நாள் மதியம்.

மசியலைக் கடைந்து மேடையில் வைத்துவிட்டு, குழாயில் தண்ணீர் விட்டார்கள் என்று குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். வரிசை பெரிசு. திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால் இருதயராஜ் பொறுக்கமாட்டாமல் தானே தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குத்தான் வாய்க்கு நல்லாருக்குது அமலி. மெளகு தூக்கலாப் போட்டுக்கிற."

அவள் அன்றைக்கு மிளகு போடவே இல்லை. தீர்ந்துபோயிருந்தது.

குடத்தை இறக்காமல் தட்டைப் பார்த்தாள். மஞ்சள் மசியல் மேல் கறுப்பு கறுப்பாகப் புள்ளி. புள்ளிகள் நகர்ந்தன. தட்டு விளிம்பில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு எறும்பு அவருடைய கட்டைவிரல் மேல் ஏறி முழங்கையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.

"ஆறிப்போச்சு, குடுங்க. சுட வச்சித் தர்றேன்" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஆறினா என்னா, நல்லாத்தான இருக்குது?" என்றார் அவர் பின்னாலிருந்து.

அடுப்படியில் நின்று தட்டையே பார்த்தாள். கையெட்டும் தூரத்தில், பட்டப்பகலில், தன் தட்டில் எறும்பு ஓடுவது தெரியவில்லை இந்த மனிதருக்கு. அப்போதுதான் கூட்டேரிப்பட்டு ஞாபகத்துக்கு வந்தது.

பொங்கலுக்கு முன்னால் நடந்தது அது. கூட்டேரிப்பட்டில் அவள் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு, கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாள். அவருடைய வண்டியே வந்தது. சந்தோஷமாகக் கையை நீட்டினாள். அவர் நேராக அவளைப் பார்த்துக்கொண்டே, நிறுத்தாமல், மண்ணை வாரி முகத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டார். ஜன்னலோரம் எத்தனை சீட்டு காலியாக இருந்தது என்பதை அவள் கண்ணாலே பார்த்தாள். சாயங்காலம் சண்டை பிடித்தபோது அவர் சொன்ன பதில் இது:

"பாத்தேன். வண்டி ஃபுல்லு. சொந்தப் பொண்டாட்டிக்குன்னு நிறுத்துனா ஜனம் என்னா பேசும்?"

பொய் என்று தெரியும். ஏன் பொய் என்றுதான் தெரியவில்லை. தன்மேல் அவ்வளவு வெறுப்பா என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள். இப்போது புரிந்தது. பெண்டாட்டியை மதிக்காதவன் என்ற பேரை வாங்கிக்கொண்டாலும் வாங்கிக்கொள்வார், கண் தெரியாத டிரைவர் என்ற பேரை வாங்கமாட்டார். அந்த மனிதரை நினைத்துப் பாவமாக இருந்தது. ஆனால் அவள் ரோட்டோரம் நின்றாள், பிழைத்தாள். ரோட்டைக் கடந்துகொண்டிருந்திருந்தால்?

வேறு மசியல் செய்ய நேரமில்லை. எறும்பை எல்லாம் தட்டிவிட்டு, மேலாக வழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைச் சுடவைத்துக் கொண்டுபோய் வைத்தாள். மெல்லக் கேட்டாள்.

"கண்ணு எப்டி தெரியுதுங்க உங்களுக்கு?"

"கண்ணுக்கு என்னா? பரங்கிக்கா மொதல்ல கண்ணுக்குத்தான் நல்லதாம். மண்ணாங்கட்டி சொன்னான்." சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் தட்டிலிருந்து நிமிரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மறுபடி நடை. வாசலுக்கும் கொல்லைக்குமாக. பாத்ரூமுக்குள் போனவர் உள்ளே என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செபம் சொல்லுகிறார் என்று நினைத்தாள். கதவுப்பக்கம் போய்க் காது கொடுத்தாள்.

"ஈ... எஃப் பி... டி ஓ இசட்... எல் பி ஈ டி..."

இது என்ன செபம் என்று அவளுக்குத் தெரியும். இவருடைய பழைய கண்டக்டர் சவுரிராயன் ஒருதரம் வீட்டுக்கு வந்தபோது சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறான். டாக்டர் ரூமில் கண் பார்க்க மாட்டியிருக்கிற போர்டை டிரைவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், புதுசாக வருகிறவனுக்கு மூத்தவன் சொல்லிக்கொடுத்துவிடுவான், பத்துக் கட்டளை மறந்தாலும் அது மறக்காது என்று. அன்றைக்கு அவளும் சிரித்தாள். இப்போது அந்தச் சிரிப்புக்காகத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல் இருந்தது.

சாயங்காலம் வரைக்கும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவருடைய நோய் இவளுக்கும் தொற்றிக்கொண்ட மாதிரி, வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். நாளைக்குச் சர்க்கரை குறைந்திருக்கும். போர்டை ஒப்பித்துவிடுவார். திங்கட்கிழமை வண்டியில் ஏறிவிடுவார். விக்கிரவாண்டியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டின் குறுக்கே ஓடிவந்து அந்த வண்டியில்தான் ஏறும். டிரைவர் மாமா என்று இவரிடம் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதுகளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

சொல்லிவிடலாம். சொன்னால் இவர் உடைந்துபோவார். இன்னும் நாலு வருடம் இருக்கிறது ஓய்வுக்கு. ஸ்டீயரிங் இல்லாத இருதயராஜை அவளாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. இந்தப் பாழாய்ப்போன பரங்கிக்காய் ஏன் வேலை செய்து தொலைத்தது? சர்க்கரை இறங்காமல் இருந்திருந்தால் டாக்டரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார், இவள் வாய் திறக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்த நினைப்பு வந்ததும் கண் பரணுக்குப் போனது.

ஸ்டூல் போட்டு ஏறி வெல்ல டப்பாவை இறக்கினாள். ஒரு உருண்டையை எடுத்தாள். இதை ராத்திரி மசியலில் போட்டுவிட்டால் போதும். மாத்திரையையும் மறந்த மாதிரி விட்டுவிட்டால் இன்னும் நல்லது. காலையில் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடும். யாருக்கும் தெரியாது. அவருக்கும் அவள்மேல் கோபம் வராது, போன தடவை மாதிரி மண்ணாங்கட்டியைத் திட்டிக்கொண்டு கிடப்பார்.

உருண்டை உள்ளங்கை வேர்வையில் பிசுபிசுத்தது. எத்தனை நாள் இந்தக் கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றிருக்கிறாள். கேள்வி கேட்காமல் வாயைத் திறப்பார், குழந்தை மாதிரி. அந்த வாய்க்குள் இதைப் போடுவதா? சீ என்று இருந்தது. உருண்டையை டப்பாவுக்குள் எறிந்துவிட்டு, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

மறுநாள் விழுப்புரம். வெறும் வயிற்றில் ஒருதரம் ரத்தம் எடுத்தார்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த டப்பாவைத் திறந்து அவர் மசியல் சாப்பிட்டார். அவள் முதலில் எறும்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவர் உட்காரவில்லை. வராந்தாவில் போனார், வந்தார், ரோட்டில் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டு எந்த டிப்போ வண்டி என்று சொன்னார். அவளும் உட்காரவில்லை.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "பரவால்லியே! நல்லாக் கட்டுல வந்துருச்சு. என்ன பண்ணீங்க?"

"எல்லாம் பரங்கிக்கா மசியல் சார்" என்றார் இருதயராஜ், வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சாட்சி சொல்லுகிற மாதிரி.

"அளவாச் சாப்ட்டா தப்பில்ல. ஆனா அது மருந்து கெடையாது, மாத்திரைய விட்றாதீங்க. கொறச்சது உங்க வீட்டம்மான்னு நெனைக்கிறேன்." டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். "சரி, அந்த போர்டப் படிங்க."

இருதயராஜ் கோடு போட்ட இடத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டார். ஈ, எஃப் பி, டி ஓ இசட். தங்குதடையில்லாமல் கடைசி வரி வரைக்கும் போனார். மறு கண்ணுக்கும் அப்படியே. டாக்டர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"சார்" என்றாள் அமலோற்பவம்.

சொன்ன குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"நேத்து இவரு தட்டுல எறும்பு மொச்சிருந்துச்சி சார். மெளகுன்னு சொல்லி சாப்ட்டாரு."

இருதயராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது பயம். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் பேனாவை மூடினார். எழுந்துபோய் சுவரில் இருந்த போர்டைக் கழற்றி, அலமாரிக்குப் பின்னாலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். படிக்கத் தெரியாதவர்களுக்கான போர்டு அது. முழுக்க ஈ என்ற ஒரே எழுத்துதான், அதன் திறந்த வாய் மட்டும் மேலே, கீழே, இடது, வலது என்று திரும்பித் திரும்பி இருக்கும். "படிக்க வேணாம். வாய் எந்தப் பக்கம் தொறந்துருக்குன்னு கையக் காட்டுங்க, போதும்."

முதல் எழுத்து பெரிசு, காட்டிவிட்டார். இரண்டாவது வரியில் தயங்கிக் காட்டினார். மூன்றாவதில் கை பாதியில் நின்றுவிட்டது. இருபத்தாறு வருடம் இடது வலது தவிர வேறு நினைப்பில்லாத கை, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"போதும், இறக்குங்க" என்றார் டாக்டர். திட்டவில்லை. சர்க்கரை நாள்பட்டதில் கண்ணுக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், லேசர் வைத்தால் மிச்சமிருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், இப்போதாவது தெரிந்ததே என்றார். வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் பின்னால். முண்டியம்பாக்கம் போனது, விக்கிரவாண்டி போனது. பிள்ளைகள் பையோடு ஏறின. அவர் அதுகள் பக்கம் திரும்பவில்லை. அவர் கால் மட்டும் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். இனிமேல் தன்னோடு பேசவே மாட்டார் என்று நினைத்தாள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பிள்ளைகள் பத்திரமாகப் போகின்றனவே என்று மனதைத் தேற்றப் பார்த்தாள். மனது தேறவில்லை.

கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் யாரோ ஒரு அம்மாள் கையை நீட்டினாள். வண்டி நின்றது. அவள் கூடையோடு ஏறினாள். இருதயராஜ் எழுந்து பின்னால் வந்து, அமலோற்பவத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இங்கதான நின்ன?"

"ம்."

"நான் உன்னப் பாக்கல அமலி."

"தெரியுங்க."

திண்டிவனம் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு குறைச்சல். பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு கண்ணுக்கு லேசர் வைத்துக்கொண்டு வந்தார்கள். தெருவில் வண்டி போனால் அவர் இப்போதும் தலையைத் தூக்குவார். ஆனால் வாசலுக்குப் போவதில்லை. மசியலைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அவளும் வற்புறுத்தவில்லை. மாத்திரை மட்டும் நிற்கவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள், மண்ணாங்கட்டி கொடுத்துவிட்ட கடைசிக் காய் அழுகிவிடப் போகிறதே என்று அவளே கொஞ்சம் மசித்தாள். அவருக்கு வைக்கலாமா வேண்டாமா என்று தயங்கி, தட்டில் ஒரு கிண்ணி போட்டு, வைத்துவிட்டுப் போகத் திரும்பினாள்.

இருதயராஜ் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை அவள் பக்கமாகத் தள்ளினார்.

"பாத்து சொல்லு. எறும்பா?"

அமலோற்பவம் பக்கத்தில் உட்கார்ந்து, குனிந்து, நிதானமாகத் தட்டு முழுக்கப் பார்த்தாள். கண்ணில் நீர் திரண்டு அவளுக்கும் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு இன்னொருதரம் பார்த்தாள்.

"இல்லீங்க. மெளகுதான். சாப்புடுங்க."

அவர் கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டார்.